பட்டன் போனா, டச் போனா?

சர்வீஸ் பெஞ்ச்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஒரு பழைய பிளாக்பெர்ரியின் கீபேடைப் பிரித்துச் சுத்தம் செய்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும், இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிடலாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். 2004ல் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையின் மாடிப்படிக்கு அடியில் பெஞ்ச் போட்டு உட்கார்ந்தவன் நான். பட்டன் போன்கள் கொடிகட்டிப் பறந்ததையும், அவை ஒவ்வொன்றாக என் மேஜையை விட்டுப் போனதையும் அங்கிருந்துதான் பார்த்தேன்.

கேள்வி: ஐபோன்தான் முதல் டச் போன் என்கிறான் என் பேரன். நான் வேலையில் இருந்த காலத்தில் பார்த்ததெல்லாம் பட்டன் போன். பட்டன் பழசு, டச் புதுசு என்பது சரிதானே?
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோவை

இல்லை ஐயா, வரிசை அப்படிப் போகவில்லை. 1994 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஐபிஎம் சைமன் என்றொரு போன் விற்பனைக்கு வந்தது. அதன் முகத்தில் எண் பட்டன்களே கிடையாது. நம்பர் போடுவதும் திரையில்தான், எழுத்து அடிப்பதும் திரையில்தான். எடை அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சேவை ஒப்பந்தத்தோடு வாங்கினால் 899 டாலர். கீபோர்டு வைத்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1996ல். மூடியிருக்கும்போது தடித்த போன். மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் போல நீளவாக்கில் திறந்தால் உள்ளே ஒரு முழுக் கீபோர்டு. 397 கிராம். ஆகவே டச் முன்னால் வந்தது, கீபோர்டு பின்னால் வந்தது.

இதைவிட எனக்குப் பிடித்த கதை 2002ல் நடந்தது. ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனம் டிரியோ 180 என்று ஒரு போனை இரண்டு ரகமாக விற்றது. ஒன்றில் திரைக்குக் கீழே குட்டிக் கீபோர்டு. மற்றொன்றில் அதே இடத்தில், குச்சியால் எழுதுவதற்கு ஒரு சின்னப் பரப்பு. கிராஃபிட்டி என்ற எழுத்துமுறை அது. ஆங்கில ஏ எழுத்தைக் குறுக்குக்கோடு போடாமல் கூரை மாதிரி ஒரே இழுப்பில் எழுத வேண்டும். இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இழுப்பு. ஒரே போன், ஒரே விலை வட்டாரம், பட்டனா திரையா என்று ஆளே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அடுத்து வந்த டிரியோக்கள் எல்லாவற்றிலும் கீபோர்டுதான் இருந்தது. எழுதும் ரகம் அதோடு நின்றுபோனது. 2002ல் தோற்றது டச்.

பேரன் சொல்வதில் எது சரி என்றால், குச்சி இல்லாமல் வெறும் விரலால், அதுவும் இரண்டு விரலால் படத்தை விரித்துப் பார்ப்பதை மக்கள் கையில் கொண்டுவந்து கொடுத்தது ஐபோன். 2007 ஜனவரி 9ல் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்தினார், ஜூன் 29ல் விற்பனை. விரல்தொடு திரையோடு எல்ஜி பிராடா போன் அதற்குச் சில வாரம் முன்பே, 2006 டிசம்பரில், அறிவிக்கப்பட்டுவிட்டது. பேரனுக்கு இதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: பிளாக்பெர்ரி காலத்தில் மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் கையை வைத்து, பார்க்காமலே மெயில் அடிப்பேன் என்று என் மாமா சொல்கிறார். உண்மையிலேயே முடியுமா? பழைய பாசத்தில் கூட்டிச் சொல்கிறாரா?
கல்லூரி மாணவி, திருநெல்வேலி

மாமா சொல்வது உண்மைதான் அம்மா. ஏன் முடிந்தது என்பதைப் பிரித்தே காட்டுகிறேன்.

பிளாக்பெர்ரி போல்ட் 9000 என்று 2008ல் ஒரு மாடல் வந்தது. அதன் கீபேடைப் பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி பிடித்துப் பார்த்தால், எந்த பட்டனும் தட்டையாக இருக்காது. ஒவ்வொன்றின் மேலும் செதுக்கிய மாதிரி ஒரு சரிவு இருக்கும். கட்டைவிரலின் ஓரம் அந்தச் சரிவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே கிடார் கழுத்தில் இருப்பது போல மெல்லிய உலோகக் கம்பி ஓடும். விரல் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு இறங்கிவிட்டது என்பதை அந்தக் கம்பி சொல்லிவிடும். கண்ணுக்கு வேலையே இல்லை.

கீபேடைத் தூக்கினால் அடியில் டோம் ஷீட். மெல்லிய பிளாஸ்டிக் தாளில், கவிழ்த்த கிண்ணம் போன்ற உலோகக் குமிழ்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் மிளகைவிடச் சற்றுப் பெரிது, ஆனால் தட்டை. பட்டனை அழுத்தினால் குமிழ் உள்ளே மடங்கி போர்டில் இருக்கும் தங்க நிறப் புள்ளியைத் தொடும். கையை எடுத்தால் மறுபடி எழும்பும். மடங்கும்போது வருகிறதே ஒரு ‘டிக்’, அது காதுக்குக் கேட்பதைவிட விரலுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

2009 வாக்கில் ஒரு பத்திரிகைச் செய்தியாளர் இந்தப் போனோடு வந்தார். உயர் நீதிமன்ற வராண்டாவில் நின்றபடியே செய்தி அடித்து அலுவலகத்துக்கு அனுப்புகிறவர். டீ கொட்டிவிட்டது. அவரே துடைத்திருக்கிறார், போனும் வேலை செய்கிறது. நான் எல்லா பட்டனையும் அழுத்திப் பார்த்தேன். எழுத்து ஒழுங்காக விழுந்தது. “எல்லாம் விழுகிறதே சார், என்ன குறை?” என்று கேட்டேன். “விழுகிறதப்பா, விழுந்தது எனக்குத் தெரிய மாட்டேங்குது” என்றார். டீயின் சர்க்கரை குமிழ்களின் ஓரத்தில் காய்ந்து, டிக் செத்துப்போயிருந்தது. ஐபிஏ என்கிற, போர்டைச் சுத்தம் செய்யும் ஆல்கஹாலை ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்தும் திரும்பவில்லை. புது டோம் ஷீட்டை இடுக்கியால் பிடித்து, ஒரு குமிழ்கூட நகராமல் ஒட்டிக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே கட்டைவிரலால் மூன்று வரி அடித்தார். பிறகு குனிந்து திரையைப் பார்த்தார். ஒரு பிழை இல்லை. உங்கள் மாமா செய்ததும் இதுதான்.

பட்டனைக் கொஞ்சம் நேரம் அமுக்கிப் பிடித்தால் பெரிய எழுத்து வரும், ஸ்பேஸை இரண்டு முறை தட்டினால் முற்றுப்புள்ளி விழும் என்பதெல்லாம் பிளாக்பெர்ரிக்காரர்களுக்கு அப்போதே கைவந்த பழக்கம். அவர்களிடம் ஐபோனைக் கொடுத்தபோது தடுமாறினார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

ஆனால் ஐபோன் கீபோர்டைச் செய்தவர்களும் சும்மா ஒரு படத்தை வரைந்துவிட்டுப் போகவில்லை. ஆப்பிளில் கென் கோசியெண்டா என்ற பொறியாளர் அதற்குப் பொறுப்பாக இருந்தார். 2005ல், கண்ணாடியில் டைப் அடிக்கவே முடியவில்லை என்று ஆகி, அந்த மென்பொருள் குழுவில் இருந்த அத்தனை பேரையும் மற்ற வேலையை நிறுத்திவிட்டுக் கீபோர்டு மட்டும் செய்யச் சொன்னார்கள். கோசியெண்டா செய்த மாதிரி தேர்வானது. முதலில் அதில் ஒரே பட்டனில் பல எழுத்துகள் இருந்தன. பிறகுதான் ஒரு பட்டனுக்கு ஓர் எழுத்து என்று மாறினார்கள். பட்டன் விரல் நுனியைவிடச் சிறிதாகிவிட்டது. விரல் தவறத்தான் செய்யும். அதனால் நீங்கள் டி, எச் என்று அடித்ததும் அடுத்து இ வரக்கூடும் என்று மென்பொருள் கணக்குப் போட்டு, இ பட்டன் விரலை ஏற்றுக்கொள்ளும் பரப்பைப் பெரிதாக்கிவிடும். கண்ணுக்கு அதே அளவாகத்தான் தெரியும். பக்கத்தில் தொட்டாலும் இ விழும். அப்படியும் தவறினால் வார்த்தையைத் திருத்திவிடும்.

இங்கிலீஷ் அகராதியில் இருக்கிற வார்த்தை என்றால் இந்த ஏற்பாடு அருமை. பழகிக்கொண்டால் வேகமும் வரும். நாம் அடிப்பதோ எஸ், ஏ, பி, டி, ஐ, ஒய், ஏ. ‘சாப்டியா’ என்று எந்த அகராதியிலும் இல்லை. நாம் கேட்டது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறொன்று என்று எத்தனை வீட்டில் குழப்பம் நடந்திருக்கும்! பட்டன் போனில் அடித்தது அடித்தபடி போகும். அந்தக் காலத்து வாடிக்கையாளர்களில் பலர் முழுக் கீபோர்டு வைத்த நோக்கியா இ71ஐ விடவே மாட்டேன் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மீன் கடை வைத்திருக்கிறேன். ஈரக் கையோடு டச் போன் எடுத்தால் அது பாட்டுக்கு எங்கேயோ போகிறது. முன்பு வைத்திருந்த பழைய டச் போனில் நகத்தால் குத்தினால்கூட வேலை செய்யும். புதுசு வரவர மோசமாகிறதா?
வாசகர், நாகப்பட்டினம்

இரண்டும் வேறு வேறு ஜாதி டச், அண்ணே. பழையது அழுத்தத்துக்கு வேலை செய்வது. மேலே வளையக்கூடிய பிளாஸ்டிக் தாள், கீழே கண்ணாடி, இரண்டிலும் மின்சாரம் கடத்தும் பூச்சு, நடுவே இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள். நகமோ குச்சியோ அழுத்தினால் இரண்டும் ஒட்டும், எந்த இடம் என்று போன் தெரிந்துகொள்ளும். 2008 கடைசியில் வந்த நோக்கியா 5800 அந்த வகைதான். குத்துவதற்கு கிடார் வாசிக்கும் வில்லை மாதிரி ஒன்றை அதோடு கொடுத்தார்கள். இந்த டச்சை மாற்றினால், திரையின் மூலைகளில் வரும் கூட்டல் குறிகளை வரிசையாகக் குத்தி அளவு சரிபார்த்துக் கொடுப்போம். அதை ஒழுங்காகச் செய்யாவிட்டால், தொட்டது ஒன்று திறந்தது ஒன்று ஆகிவிடும்.

புதியது விரலில் இருக்கிற மின் தன்மையை உணர்வது. அழுத்தவே வேண்டாம், பட்டால் போதும். அதனால்தான் நகத்துக்குத் தெரியாது, தண்ணீர் பட்டால் அதையும் விரல் என்று எண்ணிக்கொள்ளும். மோசமாகவில்லை, உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை. மீன் கடைக்கு ஒரு சாதாரண பட்டன் போனைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானே பெஞ்சில் ஒன்று வைத்திருக்கிறேன்.

கேள்வி: பட்டனும் டச்சும் சேர்ந்தே இருந்தால் பிரச்சினையே இல்லையே. யாரும் முயலவில்லையா?
வாசகர், ஈரோடு

நிறையப் பேர் முயன்றார்கள். 2008 அக்டோபரில் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1, திரையைத் தள்ளினால் அடியில் ஐந்து வரிசைக் கீபோர்டோடு இருந்தது. விற்பனைக்கு வந்தபோது அதில் திரைக் கீபோர்டு கிடையவே கிடையாது என்பது இன்று பலருக்குத் தெரியாது. ‘சரி’ என்று ஒரு வார்த்தை அனுப்ப வேண்டுமென்றாலும் போனைத் திருப்பி, தள்ளித் திறந்துதான் ஆக வேண்டும். 2009 ஏப்ரலில் வந்த ஆண்ட்ராய்டு 1.5தான் திரையில் கீபோர்டைக் கொண்டுவந்தது.

பிளாக்பெர்ரியே 2008 நவம்பரில் ஸ்டார்ம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கண்ணாடியிலும் டிக் வேண்டும் என்று ஆசைப்பட்டு, முழுத் திரையையும் ஒரு சுவிட்சின் மேல் உட்கார வைத்தார்கள். எழுத்தைத் தொட்டால் போதாது, திரையை அமுக்க வேண்டும். ஆனால் சுவிட்ச் ஒன்றுதான். ஓர் எழுத்தை அமுக்கி, கண்ணாடி மேலே வந்த பிறகே அடுத்த எழுத்து. இரண்டு கட்டைவிரலால் மாற்றி மாற்றி வேகமாக அடித்துப் பழகியவர்களுக்கு இது காலில் கல்லைக் கட்டின மாதிரி. ஆசை நல்ல ஆசை, வழிதான் தப்பு.

தள்ளித் திறக்கும் போன்கள் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் தடிமன் கூடிவிடும். இரண்டு பாதியையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் நாடா ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மடங்கி விரிய வேண்டும். மடங்குகிற நாடா என்றைக்காவது அறுந்துதான் தீரும்.

கேள்வி: டச் போன் வந்துதான் பிள்ளைகள் தமிழ் எழுத்தையே மறந்துவிட்டார்கள் என்று என் நண்பர் வருந்துகிறார். பட்டன் போன் காலத்தில் தமிழ் அடிப்பது எப்படி இருந்தது?
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, உங்கள் நண்பரின் வருத்தம் புரிகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க முழுக்க டச் போன் பக்கம்.

இ71 எவ்வளவு அருமையான போன்! 10 மில்லிமீட்டர் தடிமன், எஃகு உடம்பு, 1500 எம்ஏஎச் பேட்டரி. அதில் பொறித்திருந்ததோ 26 ஆங்கில எழுத்து. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று நமக்கு வேண்டியது 31. பொறித்த பிளாஸ்டிக்கில் அதற்கு இடம் இல்லை. எண் பட்டன் வைத்த சில நோக்கியாக்களில் தமிழ் இருந்தது, ஒரே பட்டனை நாலைந்து முறை தட்டித் தட்டி எழுத வேண்டும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற மென்பொருள் 2005 பொங்கல் சமயத்தில் சிங்கப்பூரில் வெளிவந்து, அப்படிப்பட்ட போன்களில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்தது. அவர் செய்தது பெரிய காரியம்.

படிப்பதற்கே நாங்கள் பட்ட பாடு தனி. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். ஓபரா மினி என்ற பிரவுசரில் முகவரி போடும் இடத்தில் கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து முக்காற்புள்ளி வைத்தால் ஒரு பட்டியல் திறக்கும். அதன் கடைசிப் பக்கம் போய், எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற வரியில் ‘யெஸ்’ கொடுத்தால் தமிழ் தெரியும். என் கடைக்கு வந்த எத்தனையோ பேருக்கு அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். திரையில் முதன்முதலாகத் தமிழ் தெரிந்ததும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கவே காசு வாங்காமல் செய்தேன்.

மாற்றுக் கீபேடுகள் பர்மா பஜார் வழியாக எங்களுக்கு வரும். துபாயிலிருந்து வந்த போன்களுக்கென்று அரபி பொறித்த கீபேடு இருக்கும். ரஷ்ய எழுத்து பொறித்ததையும் பார்த்திருக்கிறேன். தமிழ் பொறித்த முழுக் கீபோர்டு ஒன்றுகூட என் பெஞ்சுக்கு வந்ததில்லை. அச்சு வார்த்து, பொறித்து, விற்பதற்கு ஒரு சந்தை வேண்டும். நம்மை யாரும் அப்படி ஒரு சந்தையாக எண்ணவில்லை.

2007 மேடையில் ஜாப்ஸ், மோட்டோ கியூ, பிளாக்பெர்ரி, டிரியோ, நோக்கியா இ62 நான்கையும் காட்டி ஒரு குறை சொன்னார்: வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் அந்த பிளாஸ்டிக் பட்டன்கள் அங்கேயே இருக்கும், தயாரித்து அனுப்பிய பிறகு மாற்ற முடியாது. அவர் நினைத்தது ஒவ்வொரு செயலிக்கும் வேறு வேறு பட்டன் வேண்டுமே என்பதை. அந்த வாதம் யாருக்கு மிகவும் பொருந்தியது என்றால், பட்டனில் எழுத்தே இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு.

ஆரம்ப ஆண்ட்ராய்டுகளிலும் தமிழ் கட்டம் கட்டமாக இருந்தது உண்மை. மென்பொருள் சரியானதும் அது தீர்ந்தது, போனை மாற்ற வேண்டியிருக்கவில்லை பட்டனுக்காக. இன்று திரைக் கீபோர்டில் உலக உருண்டைப் படத்தைத் தொட்டால் தமிழ்99 என்ற எழுத்து வரிசை விரிகிறது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, ‘அம்மா’ வந்துவிடும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 1999ல் சென்னை மாநாட்டில் முடிவுசெய்த அந்த அமைப்பு, பெரிய கணினியைவிட போனில்தான் வீட்டுக்கு வீடு நுழைய வாய்ப்புப் பெற்றது.

என் அம்மா ஐந்தாவது வரை படித்தவர். பட்டன் போனை ஏழு வருடம் வைத்திருந்தும் எனக்கு ஒரு செய்திகூட அனுப்பியதில்லை. ஒரு சாதாரண டச் போன் வாங்கி, தமிழ்க் கீபோர்டை ஏற்றி, ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தேன். மறுநாள் மதியம் பெஞ்சில் இருக்கும்போது வந்தது: “சாப்டியா”. எந்தத் திருத்தமும் அதைக் கெடுக்கவில்லை.

கேள்வி: என் கொழுந்தனாருக்குப் பார்வை இல்லை. பழைய நோக்கியாவில் பேசும் மென்பொருள் போட்டு எல்லாம் தானே செய்துகொண்டிருந்தார். டச் போன் கொடுத்ததும் வெறுப்பாகிவிட்டார். அவருக்கு என்ன வழி?
வாசகி, மதுரை

சகோதரி, அவர் வெறுப்பில் நியாயம் இருக்கிறது. எண் பட்டன் போனில் 5ன் மேல் சின்ன மேடு இருக்கும். அதைத் தொட்டதும் மற்ற ஒன்பதும் எங்கே என்று கைக்குத் தெரிந்துவிடும். அதோடு டாக்ஸ், மொபைல் ஸ்பீக் போன்ற வாசிப்பு மென்பொருள்கள், சிம்பியன் என்ற இயங்குதளத்தில் ஓடிய நோக்கியாக்களில் நன்றாக வேலை செய்தன. வழுவழுப்பான கண்ணாடியில் அந்த மேடு எங்கே? கண் பார்வை உள்ளவர்களாகிய நாம் மாறியபோது அவரைக் கேட்கவில்லை.

ஆனால் கைவிட வேண்டாம். 2009 ஜூனில் ஐபோன் 3ஜிஎஸ் வந்தபோது வாய்ஸ்ஓவர் என்ற வசதி போனிலேயே சேர்ந்து வந்தது, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் அதற்கு டாக்பேக் என்று பெயர். விரலைத் திரையில் நகர்த்தினால் அடியில் இருப்பதை வாசிக்கும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். எழுதும்போது, தேடிய எழுத்தின் மேல் விரலை வைத்து எடுத்தாலே விழும்படி வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் வேகம் கூடும். பிரெயில் தெரிந்தவர் என்றால் திரையையே ஆறு புள்ளி பிரெயிலாக்கி இரண்டு கை விரல்களால் அடிக்கவும் வழி உண்டு. அதுவும் ஒத்துவராவிட்டால் உள்ளங்கை அளவில் ப்ளூடூத் கீபோர்டு கிடைக்கிறது, போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அடிக்கலாம். முதல் ஒரு மாதம் பழைய நோக்கியாவும் கூடவே இருக்கட்டும். தயவுசெய்து அதை வாங்கி வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: பீரோவில் ஒரு பிளாக்பெர்ரி போல்ட், ஒரு நோக்கியா இ63. இன்னும் பயன்படுமா, எடைக்குப் போட்டுவிடலாமா?
வாசகர், சேலம்

பிளாக்பெர்ரி தன் பழைய போன்களுக்கான சேவையை 2022 ஜனவரி 4ல் நிறுத்திவிட்டது, அந்தப் போனை நம்பிப் பேசவோ மெயில் பார்க்கவோ முடியாது. இ63 2ஜி கிடைக்கிற சிம்மில் பேசும். ஜியோ சிம்மில் வேலை செய்யாது, அதில் 2ஜி இல்லை. ஸ்பேஸ் பட்டனை அமுக்கிப் பிடித்தால் டார்ச் எரியும், மின்வெட்டுக்கு உதவும்.

முதலில் இரண்டின் பின்மூடியையும் திறந்து பேட்டரியைப் பாருங்கள். மேஜைமேல் வைத்துச் சுண்டினால் பம்பரமாகச் சுற்றுகிறது என்றால் உப்பிவிட்டது, அதை மறுபடி போடாதீர்கள், சார்ஜும் ஏற்றாதீர்கள். நன்றாக இருந்தால் போனை ஒருமுறை இயக்கி, அதில் தங்கிவிட்ட நம்பர்களையும் பழைய குறுஞ்செய்திகளையும் படித்து, வேண்டியதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். எடைக்குப் போடுவதாக முடிவுசெய்தால், அதற்கு முன் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உடையாத போல்ட் கீபேடுக்காக என்னிடம் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.